தாயின் பெயர் இல்லாத பத்திரங்கள்: ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் குடும்ப வரலாறு

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இன்று அறுபது வயதைக் கடந்து வாழும் பெற்றோர், ஏரும் கவலையும் பூட்டிய வேளாண்மையில் பிறந்து, தம் பிள்ளைகளை மூன்று ஷிப்டு வேலைக்கு அனுப்பிவைக்கும் காலம்வரை வாழ்ந்து வந்திருக்கும் தலைமுறையினர். கவலை என்பது தோல் சாலைக் கயிற்றில் கட்டி, மாடுகளைச் சரிவில் ஓட்டிக் கிணற்று நீரை மேலே கொணர்ந்த முறையாகும். அதை ஓட்டிய கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. அதே வீட்டின் பேரப்பிள்ளைகள் கைப்பேசி உறுப்புகளும் இருசக்கர வாகனங்களும் செய்யும் ஆலைகளில் அடையாள அட்டை அணிந்து நிற்கிறார்கள். பிற நாடுகளில் மூன்று நான்கு தலைமுறைகளுக்குப் பரவிய மாற்றம் இங்கே ஒரே ஆயுளுக்குள் நிகழ்ந்துவிட்டது. இத்தலைமுறையின் வாழ்வை எழுத எந்தெந்தச் சான்றுகள் உள்ளன, அச்சான்றுகள் யாரைக் காட்டுகின்றன, யாரை மறைக்கின்றன என்பதே இவ்வுரையின் பொருள். உரையின் கருத்தை முதலிலேயே சொல்லிவிடலாம்: நிலப் பத்திரங்களைக் கொண்டு தந்தையின் வரலாற்றை ஓரளவு எழுதிவிடலாம், தாயின் வரலாற்றை அவரிடமே கேட்காமல் எழுத இயலாது.

வட்டாரத்தின் அரசியல் வரலாறு பரவலாக அறியப்பட்டதே. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, பாராமகால் எனப்பட்ட கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஓசூர், தேன்கனிக்கோட்டை மேட்டுநிலம் 1799இல் திப்பு வீழ்ந்த பிறகே சேர்ந்தது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும், உழுபவரிடமே நேரடியாக வரி வசூலிக்கும் ரயத்துவாரி முறையைச் செய்து பார்த்த நிலம் பாராமகால்தான். சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்றும், தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்றும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. இவை நிர்வாக வரலாற்றின் ஆண்டுகள்; குடும்பங்களின் நினைவு இவற்றைக் கொண்டு காலத்தைக் கணிப்பதில்லை.

கிராமத்துப் பெரியவர்கள் ஆண்டுகளை அறுபது பெயர் கொண்ட சுழற்சியிலும், பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும், ஏரி உடைந்த வருடத்திலும், கிணற்றுக்கு மின்சாரம் வந்த வருடத்திலும் வைத்துச் சொல்கிறார்கள். தாது வருடப் பஞ்சம் என்பது 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின் மக்கள் பெயர்; சேலம் மாவட்டம் அதில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. ஆனால் தாது வருடம் 1936இலும் 1996இலும் மீண்டும் வந்தது. ஆகவே ஒரு பாட்டி தாது வருடத்தில் பிறந்ததாகக் குடும்பத்தில் சொல்லப்பட்டால், எந்தத் தாது என்று தெளிவதற்கு, அவருடைய மூத்த பிள்ளையின் பள்ளிச் சான்றிதழையோ, அவர் சிறுமியாக இருந்தபோது மொரப்பூரிலிருந்து ஓசூர் வரை ஓடிய சிறிய ரயிலைப் பார்த்தாரா என்பதையோ துணைக்குக் கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் குறும்பாதை ரயில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிறுத்தப்பட்டுத் தண்டவாளமும் பெயர்த்தெடுக்கப்பட்டதால், அதில் ஏறிய நினைவு உள்ளவர் போருக்கு முன் பிறந்தவர் என்று துணிந்து கொள்ளலாம். பெற்றோரின் நினைவைப் பிழையுள்ள ஆவணமாகக் கருதித் தள்ளிவிடுவோர், அந்நினைவுக்குத் தனக்கென ஒரு நாட்காட்டி இருப்பதைக் கவனிப்பதில்லை.

அமெரிக்காவின் நாட்டுப்புறக் குடும்பங்கள் தம் முன்னோரைத் தேடும்போது அவற்றுக்குக் கிடைக்கும் வசதியை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அந்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கேட்டில் 1850 முதல் வீட்டிலுள்ள சுதந்திர மனிதர் ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டது. அந்த ஏடுகள் 72 ஆண்டுகள் கழித்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன, 1950ஆம் ஆண்டின் ஏடு 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 1862ஆம் ஆண்டுக் குடியேற்ற நிலச் சட்டத்தின்கீழ் 160 ஏக்கர் வரை பெற்ற உழவர், ஐந்தாண்டு அங்கே வாழ்ந்து பயிரிட்டதை மெய்ப்பிக்க அளித்த வாக்குமூலங்களில், வீட்டின் அளவு, கிணறு, வேலி, உழுத நிலம், குடும்பத்தில் எத்தனை பேர் என்பவையெல்லாம் பதிவாகியுள்ளன. பேரன் ஒருவன் தன் பாட்டன் கட்டிய மர வீட்டின் அளவை அதிலிருந்து அறிந்துகொள்ள முடிகிறது.

ஆயினும் அந்த ஏடுகளும் எல்லோருக்கும் திறந்தவையாக இருக்கவில்லை. 1850, 1860 ஆகிய கணக்கேடுகளில் அடிமைப்பட்ட கறுப்பின மக்கள், உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் போன்றவை மட்டும் குறிக்கப்பட்ட பெயரற்ற வரிகளாகவே எழுதப்பட்டனர். ஆதலால் பெரும்பாலான கறுப்பினக் குடும்பங்களின் தேடல் 1870ஆம் ஆண்டு ஏட்டோடு முட்டி நின்றுவிடுகிறது. அந்தச் சுவருக்கு அப்பால் செல்ல வாய்மொழியே வழியாயிற்று. 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டத்தில் பணியாற்றியவர்கள், அடிமைத்தனத்தை நேரில் அனுபவித்து அப்போது முதுமையில் இருந்த 2,300க்கும் மேற்பட்டோரின் கூற்றுகளை வீடுவீடாகச் சென்று எழுதி வைத்தார்கள். அந்த முதியோர் பத்தாண்டுக்குள் பெரும்பாலும் மறைந்திருப்பர் என்பதை எண்ணினால், அப்பணி எவ்வளவு தக்க நேரத்தில் செய்யப்பட்டது என்பது விளங்கும்.

இந்தியாவில் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1881 முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்து வந்தபோதிலும், 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிமனிதர் பற்றிய குறிப்புகள் மறைவாக வைக்கப்படுவதால், ஒரு குடும்பம் தன் முன்னோரை அதில் தேட வழியில்லை. பிறப்பு, இறப்புப் பதிவு 1969ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே நாடு முழுவதும் ஒரே சீராகக் கட்டாயமாயிற்று. வீட்டில் நிகழ்ந்த பிரசவங்கள் அதற்குப் பின்னரும் நெடுங்காலம் பதிவாகாமலே போயின. எனவே இந்த வட்டாரத்து உழவர் குடும்பம் தன் வரலாற்றைத் தேடப் புகும்போது கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: வீட்டில் தகரப் பெட்டியின் அடியில் துணியில் சுற்றி வைத்திருக்கும் நிலப் பத்திரம்.

அந்தப் பத்திரத்தை வரலாற்று ஆவணமாகப் படிப்பதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் அதில் கிடைப்பது சிறிதன்று. பழைய கிரயப் பத்திரம் ஒன்றின் இறுதியில் சொத்து விவரம் என்னும் பகுதி இருக்கும். அதில் செக்குபந்தி எனப்படும் நான்கெல்லை எழுதப்பட்டிருக்கும். இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, வண்டிப் பாதைக்கு மேற்கு, ஏரி வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் புளியமரத்துக்கு வடக்கு என்று எல்லை சொல்லும் அந்த நான்கு வரிகளில், தந்தை தம் வாழ்நாள் முழுவதும் வரப்பில் நின்று பேசிய அண்டைக் குடும்பங்களின் பெயர்கள் அடங்கியிருக்கின்றன. அதனையடுத்து, கிணற்றில் எத்தனை பங்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் இறைக்கும் முறை, மாவடை மரவடை எனப்படும் மரங்களின் உரிமை, மாடும் வண்டியும் வந்துபோகும் பாதை உரிமை ஆகியவை வரும். அண்ணன் தம்பிகள் கிணற்றைப் பங்கிட்டுக் கொண்ட விதத்தைப் பார்த்தாலே, பாட்டனுக்கு எத்தனை மக்கள் உயிரோடு இருந்தனர், அவர்களுள் யார் முன்னரே மறைந்து அவர் பங்கு பேரனுக்குச் சென்றது என்பதெல்லாம் புலப்படும். 1980இல் தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்படும்வரை, இந்த எல்லைகளையும் உறவுகளையும் மனத்தில் வைத்திருந்த ஒருவர் ஊருக்கு ஊர் இருந்தார். அவர் குடும்பத்தின் அதிகாரம் நீங்கியது நல்லதே என்றாலும், அவரோடு போன நினைவை ஈடு செய்ய ஊரில் வேறு ஏற்பாடு எழவில்லை. 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த, யு.டி.ஆர். என்று மக்கள் வழங்கும் நிலப் பதிவுச் சீரமைப்பில் பல குடும்பங்களின் பட்டா புதிதாக எழுதப்பட்டது. இன்றைய வழக்குகள் பலவற்றின் வேரும் அந்தப் பதிவேட்டிலேயே இருக்கிறது.

பத்திரத்தில் காணப்படும் தந்தையர் எப்போது அதிலிருந்து வெளியேறினர் என்பதும் எழுத்தில் உள்ளது. சிப்காட் எனப்படும் தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகம் 1971இல் அமைக்கப்பட்டு, அதே பத்தாண்டில் ஓசூரில் தொழிற்பேட்டையை உருவாக்கத் தொடங்கியது. பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருந்ததும், தேசிய நெடுஞ்சாலை ஊரின் நடுவே சென்றதும், மேட்டுநிலத்தின் மிதமான தட்பவெப்பமும் ஆலைகளை ஈர்த்தன. 1980இல் அசோக் லேலண்டின் லாரி ஆலையும், அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட்டும் வந்தன. டாட்டா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் இங்கே கைக்கடிகார ஆலையை நிறுவி, பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த நாட்டுப்புறத்து இளைஞர்கள் பலரைப் பயிற்சி கொடுத்து வேலைக்கு அமர்த்தியது. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. நிலம் கையகப்படுத்தப்பட்ட ஊர்களில், அரசு வெளியிட்ட அறிவிக்கைகளில் புல எண்ணும் உரிமையாளர் பெயரும் அச்சாகியுள்ளன. இழப்பீட்டை நிர்ணயித்த தீர்வாணையில் புளி, மா, தென்னை, வேம்பு என்று மரங்களும், கிணறும் மாட்டுக் கொட்டகையும் தனித்தனியே விலை போடப்பட்டிருக்கும். ஒரு குடும்பத்தின் பண்ணை கடைசி நாளில் எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட விரிவான சித்திரம் வேறெங்கும் கிடைக்காது. அதைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாதுகாத்த குடும்பங்கள் மிகச் சில என்பது வருந்தத் தக்கது.

இத்தனையிலும் தாய் எங்கே இருக்கிறார் என்னும் வினாதான் இவ்வுரையின் நடுப்புள்ளி. பட்டா தந்தையின் பெயரில் இருக்கும். அதற்கு முன் பாட்டன் பெயரில் இருந்திருக்கும். கிணற்றின் பங்கும் எல்லையின் பெயர்களும் ஆண்களுடையவை. தாயின் பெயர் பத்திரத்தில் முதன்முதலாக வருவது பல குடும்பங்களில் விடுதலைப் பத்திரம் என்னும் ஆவணத்தில்தான். விடுதலைப் பத்திரம் என்பது, கூட்டுச் சொத்தில் தமக்குள்ள பங்கை ஒருவர் மற்றப் பங்காளிகளுக்கு விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுக்கும் பதிவு. 1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம், பிறந்த குடும்பத்தின் கூட்டுச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கை மகளுக்கும் அளித்தது. அதற்கு முன்பே மணமாகியிருந்த பெண்கள் அதில் சேர்க்கப்படவில்லை. 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. சட்டம் வந்த இதே காலத்தில்தான் ஆலைகளால் ஓசூரைச் சுற்றி நிலத்தின் விலையும் ஏறியது. நிலத்தை வாங்குவோர், பின்னாளில் வழக்கு வராதிருக்க, விற்பவரின் அக்காள் தங்கைகளின் கையெழுத்தும் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினர். அதனால், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் மணமாகி வேற்றூர் சென்ற பெண், ஒருநாள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்து வரப்பட்டு, தமக்கு இருப்பதாகவே அதுவரை அறியாத உரிமையை விட்டுக்கொடுத்து இடது கைப் பெருவிரல் ரேகை பதித்தார். தந்தையின் பெயர் உடைமையால் ஆவணத்தில் ஏறியது. தாயின் பெயர் அவ்வுடைமையைத் துறந்ததால் ஏறியது. சில தாய்மார் மகிழ்ந்தே விட்டுக்கொடுத்தனர், தாய்வீட்டு உறவு அறுந்துவிடக் கூடாது என்று அஞ்சியே பலர் கைநாட்டு வைத்தனர். எந்தத் தாய் எந்த மனத்தோடு வைத்தார் என்பதைப் பத்திரம் சொல்லாது.

இது இக்காலத்துக்கு மட்டும் உரிய குறையும் அன்று. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் நடுகற்களுக்குப் பேர்போனவை. நடுகல் என்பது ஆநிரை கவர்ந்தவர்களோடு பொருதோ, ஊரைக் காத்தோ, விலங்கோடு போராடியோ இறந்த வீரனுக்கு எடுத்த நினைவுக் கல். எழுத்துள்ள கற்களில் அரசனின் ஆட்சியாண்டும், இறந்தவன் பெயரும், பல இடங்களில் அவன் இன்னாருடைய மகன் அல்லது சேவகன் என்னும் குறிப்பும் இருக்கும். அவற்றுள் பல இன்றும் வேடியப்பன் என்னும் பெயரில் குலதெய்வமாக வழிபடப்படுகின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் வைக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக இந்நிலம் தன் இறந்தோரைக் கல்லில் எழுதி வைத்திருக்கிறது என்பது பெருமைக்குரியதே. ஆனால் அக்கற்களில் பெண் இடம்பெறுவது பெரும்பாலும் சதிக்கல்லில், கணவனோடு தீப்புகுந்தவளாக. கல்லாயினும் காகிதமாயினும், தன்னை இழக்கும் கணத்தில் மட்டுமே பெண்ணுக்கு வரி ஒதுக்கும் வழக்கம் தொடர்ந்து வந்திருக்கிறது.

ஆகவே தாயின் வரலாற்றுக்கு அவருடைய உழைப்பைத்தான் முதல் ஆவணமாகக் கொள்ள வேண்டும். இந்த வட்டாரத்தில் அதற்கு மிகச் சிறந்த சான்று பட்டுப்புழு வளர்ப்பு. தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பகுதிகளில் மல்பெரி பயிரிட்டுக் கூடு எடுத்து விற்கும் தொழில் நெடுங்காலமாக வேரூன்றியது. புழு முட்டையிலிருந்து வெளிவந்து கூடு கட்டத் தொடங்கும்வரை ஏறக்குறைய 25 நாள். அதற்குள் நான்கு முறை தோலுரிக்கும். கடைசிப் பருவத்தின் ஏழெட்டு நாளில் மட்டும், அது தன் வாழ்நாளில் உண்ணும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உண்டுவிடும். அந்நாள்களில் வீட்டுக்குள் பெருமழை பெய்வது போன்ற ஓசையுடன் புழுக்கள் இலையைத் தின்னும். இரவில் எழுந்து இலை போடுவதும், ஈரமான இலையைத் துடைத்து உலர்த்துவதும், கழிவை நீக்குவதும், நோயுற்ற புழுவை நிறத்தைக் கண்டே பொறுக்கி எறிவதும், பழுத்த புழுவைக் கையால் எடுத்துச் சந்திரிகையில் விடுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. சந்திரிகை என்பது புழு கூடு கட்டுவதற்காக மூங்கிலால் வட்டச் சுருளாகப் பின்னிய தட்டு. குழந்தை பெற்ற நாளும், மாமியார் இறந்த நாளும் எந்த முறைப் புழு வளர்ப்பு நடந்தபோது என்பதைச் சொல்லக்கூடிய தாய்மார் இவ்வூர்களில் இருக்கிறார்கள். கூடு சந்தைக்குச் சென்று விலை போய்ச் சீட்டு எழுதப்படும்போது அதில் இருக்கும் பெயர் பெரும்பாலும் ஆணுடையது.

கேழ்வரகும் அவ்வாறே. அவரையும் துவரையும் ஊடுபயிராக விதைத்து, மழையை நம்பி விளைவித்த கேழ்வரகே இம்மேட்டுநிலத்தின் உணவு. கதிர் முற்றும் மாதங்களில், கர்நாடகத்தின் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாகச் சானமாவு வரை வருவது இன்றும் ஆண்டுதோறும் நிகழ்கிறது. தந்தையர் பரணில் தீமூட்டித் தகரம் தட்டி விழித்திருந்த இரவுகள் பற்றிய கதைகள் வீட்டுக்கு வீடு உண்டு. அக்கதைகள் சுவையானவை, திரும்பத் திரும்பச் சொல்லப்படுபவை. அதே கேழ்வரகை விடியற்காலையில் கல்திரிகையில் அரைத்து, உலையில் மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டி விழாமல் கிளறி, பெரும் குடும்பத்துக்குக் களி உருண்டை பிடித்த தாயின் தோள்வலி கதையாகவில்லை. திரிகை சுற்றும்போது பெண்கள் கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் பாடிய பாட்டுகளில் தாய்வீட்டுப் பெயர்களும், அண்ணன்மார் வராத குறையும், மாமியார் வீட்டுக் கடுமையும் வரும். மாவு மில் வந்தபின் அப்பாட்டுகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. அவற்றைத் தொகுக்காமல் விட்டது இவ்வட்டார ஆய்வாளர்களின் பெரும் புறக்கணிப்பு என்றே சொல்ல வேண்டும்.

எல்லைப் பகுதி என்பதால் மற்றொரு சிக்கலும் உண்டு. ஆனேக்கல், மாலூர், குப்பம் ஆகியவை இன்று வேறு மாநிலங்களில் இருப்பினும், திருமண உறவுக்கு அவை அடுத்த ஊர்களே. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்திலிருந்து அதனுடன் சென்றது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் மிகுந்த ஓசூர் தமிழ்நாட்டிலேயே நின்றது. எல்லை தாண்டி மணமுடித்து வந்த தாயின் பள்ளிச் சான்றிதழ், இருந்தால், கன்னடத்திலோ தெலுங்கிலோ இருக்கும்; அவர் பிறந்த வீட்டு நிலத்தின் பதிவு வேறு மாநில அலுவலகத்தில், வேறு அளவு முறையில் இருக்கும். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ், ஆலையில் ஆங்கிலம் கலந்த பேச்சு என்று வளர்ந்த பிள்ளைகள், தாயின் மொழியைப் புரிந்துகொள்வர், எழுதத் தெரியாது. தெலுங்குக் குடும்பங்களில் இண்டிபேரு என்னும் வீட்டுப் பெயர் தந்தை வழியில் தொடர்ந்து வருவதால், பல தலைமுறைக்கு முன் எந்தக் குடியிலிருந்து பிரிந்தனர் என்பது தெரியும். தமிழ் வழக்கப்படி பெயருக்கு முன் ஓரெழுத்து மட்டும் எழுதத் தொடங்கியபின், அந்த வீட்டுப் பெயரும் இளையோர் நினைவிலிருந்து நழுவுகிறது. தாயின் இண்டிபேரைச் சொல்லத் தெரிந்த இளைஞர் மிகக் குறைவு.

இங்கே மொய் நோட்டு பெரிதும் துணை செய்யும். திருமணம், காதுகுத்து, புதுமனை புகுதல் ஆகியவற்றில் உற்றார் கொடுத்த பணத்தையும் பொருளையும் எழுதி வைக்கும் அந்த நீண்ட ஏட்டில், முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழியிட்டு, ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். தாய்மாமன் வீட்டு வரிசை தனியே இருக்கும். ஒரு குடும்பத்தில் நாற்பது ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு திருமணங்களின் நோட்டுகளை அருகருகே வைத்துப் படித்தால், முதல் நோட்டில் எல்லை கடந்த ஊர்கள் நிறைந்திருப்பதையும், இரண்டாவதில் ஆலையின் பிரிவுப் பெயர்களும் குடியிருப்புப் பகுதிகளின் பெயர்களும் அவ்விடத்தைப் பிடித்திருப்பதையும் காணலாம். பத்திரத்தில் இல்லாத தாய்வழி உறவு முழுவதும் மொய் நோட்டில் இருக்கிறது. சொத்தாகக் கருதப்படாததால், வீடு மாற்றும்போது முதலில் பழைய காகிதக் கடைக்குப் போவதும் அதுவே.

நிலமே இல்லாதிருந்த பெற்றோரின் நிலை இன்னும் கடினமானது. பண்ணையாளாகவும் கூலியாகவும் வாழ்ந்த தலித் குடும்பங்களும், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்து இருளர் குடும்பங்களும் செக்குபந்தியின் நான்கு வரிகளில் எந்த வரியிலும் இல்லை. அவர்கள் உழுத நிலத்தின் பத்திரம் மற்றொருவர் பெட்டியில் இருக்கிறது. அவர்களுக்குக் குடும்ப அட்டையும் வாக்காளர் பட்டியலும், பிற்காலத்தில் நூறு நாள் வேலைத் திட்ட அட்டையுமே எழுத்துச் சான்று. வேலை தேடித் தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்தும், இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்தும் வந்து, ஆலை விடுதிகளில் தங்கும் இளம் பெண்களின் பெற்றோரும் எங்கோ ஓர் உழவு நிலத்தின் ஓரத்தில் இருக்கிறார்கள். ஓசூரின் குடும்ப வரலாறு எழுதப்படும்போது அவர்களும் அதில் உரியவர்களே.

புகழ்பெற்றவர்களின் வீடு மட்டும் காக்கப்படும் என்பதற்கு ஓசூரை அடுத்த தொரப்பள்ளியே எடுத்துக்காட்டு. சி. ராஜகோபாலாச்சாரி, தாது வருடப் பஞ்சம் ஓய்ந்த 1878ஆம் ஆண்டின் டிசம்பர் 10 அன்று அவ்வூரில் பிறந்தார். தந்தை சக்ரவர்த்தி வெங்கடார்யா ஐயங்கார் ஊர் முன்சீப், தாய் சிங்காரம்மா. ஓசூரில் பள்ளிப்படிப்பு, பெங்களூரில் கல்லூரி என்று தொடங்கிய அவ்வாழ்க்கையைப் பேரன் ராஜ்மோகன் காந்தி விரிவாக எழுதியிருக்கிறார். பிறந்த வீடும் நினைவில்லமாகப் போற்றப்படுகிறது. அது தகுதியான சிறப்பு. ஆயினும் அதே ஊரில், அதே பஞ்சத்தில் பிழைத்த மற்றக் குடும்பங்களில் எந்தப் பிள்ளையின் தாய் என்ன பெயருடையவர் என்பது எங்கும் எழுதப்படவில்லை. பேரறிஞரோ தலைவரோ அல்லாத பெற்றோரைப் பற்றியும் எழுதலாம் என்னும் துணிவு தமிழுக்குப் புதிதன்று. உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றைத் தொடங்கும்போது தம் சொந்த ஊரான உத்தமதானபுரத்தையும் முன்னோரையும் விரிவாகப் பேசிய பின்பே தம்மிடம் வருகிறார். கி. ராஜநாராயணன், தெலுங்கு பேசும் குடியினர் தெற்கே வந்து காட்டைத் திருத்திக் குடியேறிய வாய்மொழிக் கதைகளைக் கோபல்ல கிராமம் என்னும் நாவலாக்கினார். பெருமாள்முருகன், கொங்கு நாட்டு உழவர் குடும்பத்தில் உழைத்து வாழ்ந்த தம் தாயைப் பற்றிய கட்டுரைகளைத் தோன்றாத்துணை என்னும் தனி நூலாகவே வெளியிட்டார். இத்தகைய நூல் ஒன்று கேழ்வரகும் பட்டுக்கூடும் விளைந்த இம்மேட்டுநிலத்துத் தாய்மாரைப் பற்றி, அவர்கள் பேசிய மூன்று மொழிகளின் வாசனையோடு எழுதப்பட வேண்டும்.

அதற்கான வேலை எளிய வழியில் தொடங்கக்கூடியதே. தந்தையின் பக்கத்துக்கு, 1975க்குப் பிந்தைய வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் வரிசை அதில் இருக்கும், அதற்கு முந்தையவற்றைப் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு செய்து தேட வேண்டும். தாயின் பக்கத்துக்கு அலுவலகம் எதுவும் இல்லை. அவரிடம் பேசும்போது, தந்தையைப் பற்றிக் கேட்பதிலிருந்து தொடங்கினால் பேச்சு முழுவதும் தந்தையைப் பற்றியே சென்றுவிடும். தாய்வீட்டில் மாடு கட்டிய இடம் எது, உடன் விளையாடிய பெண்கள் எந்தெந்த ஊருக்கு மணமாகிப் போனார்கள், முதன்முதலில் கையில் வாங்கிய காசு எந்த வேலைக்கு, இறந்த குழந்தைகள் எத்தனை, அவற்றுக்கு இட்ட பெயர் என்ன என்பவற்றிலிருந்து தொடங்குவது நலம். இழந்த குழந்தைகளைப் பற்றிய கேள்விக்கு விடை வராமலும் போகலாம். அப்போது வற்புறுத்தாமல் விட்டுவிட வேண்டும். அவர் எந்த மொழியில் பேசுகிறாரோ அந்த மொழியிலேயே குரலைப் பதிவு செய்து, நாளும் ஊரும் பேசியவர் பெயரும் குறித்து வைக்க வேண்டும். தமிழில் எழுதுவதைப் பிறகு செய்துகொள்ளலாம். பேச்சின்போது அவர் கைக்கு எட்டும் தொலைவில் மொய் நோட்டும், இருந்தால் பழைய நிழற்படமும், விடுதலைப் பத்திரத்தின் நகலும் இருப்பது நல்லது. தம் ரேகை பதிந்த அந்தத் தாளில் எழுதியிருப்பது என்ன என்பதை, பதிந்த நாளில் யாரும் படித்துக் காட்டியிராவிட்டால், பிள்ளைகள் இப்போது முழுவதும் படித்துக் காட்டிவிட்டு, பின்னர் கேட்க வேண்டியதைக் கேட்கலாம்.